ஈதர் ஆள், ஹாலோத்தேன் ஆள்

ஓசூரில் நான் நர்ஸாக வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் இருபது படுக்கைகள் இருந்தன. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் சர்ஜனைத் தேடிப் போய்க் கும்பிடுவார்கள். எங்களிடமும், தரை துடைக்கிற ஆயாவிடமும்கூடச் சொல்லிக்கொண்டு போவார்கள். மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மாவைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. அதே வராந்தாவில் அவர் நின்றுகொண்டிருந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆபரேஷன் மேஜையில் அவரைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் அவர்கள் கண் மூடியிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. டாக்டரம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் கிருஷ்ணகிரி. நானும் மத்திகிரியில்தான் இருந்தேன். என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் டாக்டரம்மாவும் நானும் பல நாள் ஒரே டவுன் பஸ்ஸில் போவோம்.

பஸ்ஸில் அவர் மனிதர்களைப் பார்க்கிற விதமே தனி. முகத்தைப் பார்க்க மாட்டார். கழுத்தையும் தாடையையும் பார்ப்பார். ஒருநாள் கண்டக்டர் எங்கள் முன்னால் வந்து நின்றதும் என் காதருகே குனிந்தார்.

"கழுத்து குட்டை. தாடை உள்ள போயிருக்கு. இவருக்குத் தொண்டையில ட்யூப் போடறது ரொம்பக் கஷ்டம் சிஸ்டர்."

"மேடம், அவரு டிக்கெட் கேக்கறாரு."

எல்லாரையும் அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். முன் சீட்டில் இருக்கிற பெரியவர் ஈதர் ஆள். ஜன்னலோரம் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை ஹாலோத்தேன் ஆள். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த முகர்ந்து தூங்குகிற மருந்துகள் அந்த இரண்டுதான். ஈதர் மூக்கில் ஏறினால் நெஞ்சை அடைக்கும். ஆள் திமிறுவார், நாலு பேர் பிடிக்க வேண்டும். விழித்தபின் ஒருநாள் முழுக்க வாந்தி. ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கிற மின்கருவியைச் சர்ஜன் தொடவே முடியாது. ஆனால் எவ்வளவு நலிந்த உடம்பாக இருந்தாலும் ஈதர் அதன் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் விட்டுவிடாது. ஹாலோத்தேனுக்கு இனிப்பு வாசனை. குழந்தைகூட அழாமல் தூங்கும், சீக்கிரம் விழிக்கும். ஆனால் பிரஷரை இறக்கிவிடும். பிரசவ ஆபரேஷனில் கொஞ்சம் கூடிப்போனால் கருப்பை தளர்ந்து ரத்தம் நிற்காது. விலையும் அதிகம். பழுப்பு நிறப் பாட்டிலை டாக்டரம்மா தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைவார்.

"நான் எந்த ஆள் மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீங்க இப்போதைக்கு ரெண்டும் வேண்டாத ஆள். அப்படியே இருங்க."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்கு வந்து ஒவ்வொருவரையும் பார்ப்பார். வார்ப்படத் தொழிற்சாலையில் மணல் தூசி தின்ற தொழிலாளி என்றால், ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி முகத்துக்கு அரையடி தள்ளிப் பிடித்து, வாயை அகலத் திறந்தபடியே ஊதி அணைக்கச் சொல்வார். அணைக்க முடியாதவருக்கு நுரையீரல் போதாது. "டாக்டரம்மா, எனக்கு இன்னிக்கிப் பொறந்த நாளு இல்லீங்களே" என்பான் ஒருவன். வார்டே சிரிக்கும். அவர் சிரிக்காமல் இன்னொரு குச்சியைக் கிழிப்பார்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசுவார். மேஜையில் படுக்க வைத்ததும் நோயாளியின் மொழியில் ஆரம்பிப்பார். ஊர்ல மழையா, எத்தனை மாடு, தம்பி என்ன பண்றாரு. அவர்கள் பயத்தை மறந்து பேசத் தொடங்குவார்கள். மாஸ்க் முகத்தில் இருக்கும்போதே பேச்சு குழறும், நிற்கும். அதன்பிறகு இரண்டு மணி நேரம் அந்தத் தாடையைத் தன் கையால் தாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். விழித்தவர்களுக்கு என்ன பேசினோம் என்பதே ஞாபகம் இருக்காது. அவரும் கேட்க மாட்டார்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: "பாகலூர்க்காரர் ஒருத்தரு, அண்ணன் வூட்டுக்குப் பதினாறு வருஷமா ஏன் போறதில்லைன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. 'அன்னிக்கு கல்யாணத்துல'ன்னாரு. அதோட தூங்கிட்டாரு. அந்தக் கல்யாணத்துல என்ன நடந்திருக்கும் சிஸ்டர்?"

நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவர் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவரோடு பேச யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஏன் ஆகவில்லை, சொந்த ஊர் எது என்று நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் கேட்டு, பதில் வராமல் விட்டுவிட்டார்கள்.

மாதம்மா வந்தது ஒரு மாம்பழ சீசனில். கிருஷ்ணகிரி பக்கத்தில் மாம்பழக் கூழ் காய்ச்சுகிற கம்பெனியில் சீசன் வேலைக்கு வந்தவள். ஊர் அஞ்செட்டி தாண்டி மலைக்குள். நாற்பது வயது, கனத்த உடம்பு. நீராவிக் குழாய் பிடுங்கிக்கொண்டு வலது கையும் தொடையும் வெந்துபோயிருந்தன. தோல் எடுத்து ஒட்ட வேண்டும், அதையும் ஒரே தடவையில் முடிக்க முடியாது என்றார் சர்ஜன்.

மாதம்மாவுக்குத் தீப்புண்ணைவிட ஈதர்மேல்தான் பயம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் அதை முகர்ந்திருக்கிறாள். "நாலு பேரு அழுத்திப் புடிச்சிக்கினாங்கம்மா. தண்ணில முக்கிச் சாவடிக்கிற மாதிரி இருந்திச்சி. அது மட்டும் வேணாம்மா" என்று டாக்டரம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஆபரேஷனுக்கு ஹாலோத்தேன் கொடுத்தார். அவள் தன் எருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே தூங்கினாள். விழித்ததும், "இது நல்லாருக்குதும்மா, இன்னொரு வாட்டிகூட தூங்குவேன்" என்றாள். நான்காம் நாள் லேசாகக் காய்ச்சல் வந்து போனது. தீப்புண் என்றால் காய்ச்சல் வரத்தான் செய்யும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். முந்தின நாள் டாக்டரம்மா ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டியூட்டி ரூமில் உட்கார்ந்திருந்தார்.

"ஹாலோத்தேனைக் கொஞ்ச நாள்லயே திரும்பக் குடுத்தா சில பேருக்கு ஈரல் கெட்டுப்போகும்னு போட்டிருக்கு. ஆயிரத்துல ஒருத்தரோ, பத்தாயிரத்துல ஒருத்தரோ. குண்டான பொம்பளைங்களுக்கு அதிகமாம்."

"அப்ப ஈதர் குடுத்துடலாமா மேடம்?"

அவர் எழுந்து மாதம்மாவிடம் போனார். நானும் கூடப் போனேன். ஈதர் என்று சொன்னதும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கட்டைப் பிரித்துவிடுங்கள், ஊருக்கே போய்விடுகிறேன் என்றாள். சர்ஜனுக்கும் ஈதர் பிடிக்கவில்லை. பெரிய புண், நிறைய ரத்தம் கசியும், மின்கருவி இல்லாமல் எப்படிச் செய்வது என்றார். டாக்டரம்மா அன்று இரண்டு தடவை மாதம்மாவின் கட்டிலுக்குப் போய் வந்தார். கடைசியில் ஹாலோத்தேனே கொடுத்தார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஐந்தாம் நாள் கண் மஞ்சளானது. பன்னிரண்டாம் நாள் மாதம்மா இறந்துபோனாள். ரத்தம் ஏற்றியதால் வந்த காமாலையாக இருக்கும் என்றார் சர்ஜன். இருக்கலாம்தான். ரத்தமும் ஏற்றியிருந்தோம். யாரும் டாக்டரம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதம்மாவின் புருஷன் முனியப்பன் உடம்பை வாங்கிக்கொண்டு போகும்போதுகூட அவர் யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு மாதம் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரம்மா என் வீட்டு வாசலில் நின்றார். அதுவரை அவர் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. "அஞ்செட்டி வரைக்கும் கூட வரீங்களா சிஸ்டர்? தனியாப் போகத் தெரியல" என்றார்.

பஸ்ஸில் அவர் யார் கழுத்தையும் பார்க்கவில்லை. அஞ்செட்டியில் இறங்கி, விசாரித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். முனியப்பன் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மாட்டிடம் கன்னடத்தில் பேசினான். எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான். கயிற்றுக் கட்டிலைப் போட்டான். எட்டு, ஒன்பது வயதுப் பெண் ஒன்று சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றது. மகள். பெயர் லட்சுமி.

டாக்டரம்மா மோரைத் தொடவில்லை. "நான்தான் உங்க சம்சாரத்துக்கு மயக்க மருந்து குடுத்தேன்" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு மருந்து, புத்தகத்தில் இருந்த வரி, தான் யோசித்தது, அவள் அழுதது. "அந்த மருந்தாலதான் போயிருப்பாங்கன்னு நான் நினைக்கறேன்" என்று முடித்தார்.

முனியப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். "அதாலதான்னு கண்டிப்பாத் தெரியுங்களா?" என்றான்.

"தெரியாது."

"தெரியாததச் சொல்றதுக்கு எதுக்கும்மா இம்மாந்தூரம் வந்தீங்க?"

டாக்டரம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"காமால வந்து செத்துட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். கம்பெனிக்கு அனுப்புனதுக்கு என்னய நானே திட்டிக்கினு இருந்தேன். அதுவாச்சும் எனக்குப் புரியிற விஷயம். இப்ப நீங்க சொன்னத வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? சொல்லுங்க."

குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். பிறகு எழுந்து, கடைசி பஸ் எப்போது என்று சொல்லி, குறுக்குப் பாதை வரை கூடவே வந்து வழிகாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அன்று பஸ் வர மூன்று மணி நேரம் ஆனது. டாக்டரம்மா கல்லின்மேல் உட்கார்ந்து மடியில் கைப்பையை வைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி வந்த பிஸ்கட்டை நானே தின்றேன்.

அதன்பிறகு மேஜையில் படுத்தவர்களிடம் அவர் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கேட்பதை விட்டுவிட்டார். முன்னால் எப்போது ஆபரேஷன் ஆனது, எந்த ஊரில், விழித்தபின் காய்ச்சல் வந்ததா என்பதை மட்டும் கேட்பார். மாதம்மாவுக்கு வந்த காய்ச்சல் அந்த மருந்தின் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். என்ன மயக்க மருந்து கொடுத்தார்கள் என்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வரும்வரை ஆபரேஷனைத் தள்ளி வைப்பார். சர்ஜனுக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது.

இரண்டு வருடம் கழித்து அது வெடித்தது. பழைய இரும்பு வியாபாரம் செய்கிற ஒரு பாய், பிரஸ் மெஷினில் சிக்கிய கையோடு வந்திருந்தார். அந்தக் கைக்கு ஒரு மாதம் முன்புதான் பெங்களூரில் முதல் ஆபரேஷன், ஹாலோத்தேன். இங்கே இரண்டாவது.

"ஈதர்தான்" என்றார் டாக்டரம்மா.

"நரம்பு தைக்கற கேஸ் மேடம் இது. ஈதரை வச்சிக்கிட்டு நான் கருவியத் தொட முடியுமா? கசியற ரத்தத்துல உள்ள ஒண்ணும் தெரியாது. எங்கயோ ஒருத்தருக்கு வந்ததுக்காக எல்லாரையும் வதைக்கறீங்க."

"வேற ஆளக் கூட்டிட்டு வாங்க. நான் இவருக்கு ஹாலோத்தேன் குடுக்க மாட்டேன்."

ஈதரே கொடுக்கப்பட்டது. சர்ஜன் ஒவ்வொரு ரத்தக்குழாயாக நூலால் கட்டினார்; இரண்டு மணி நேர வேலை நாலு மணி நேரம் ஆனது. பாய் மறுநாள் சாயங்காலம் வரை வாந்தி எடுத்தார். டாக்டரம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரத்தைப் பிடித்தார். "பெங்களூர்ல இப்புடி ஒண்ணுமே ஆவலியே. என்னா மருந்தும்மா குடுத்தீங்க?" என்று பாயின் மனைவி கோபப்பட்டார். "இப்ப சரியாயிடும்மா" என்றார் அவர்.

"காரணத்தச் சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன் அப்புறம்.

"சொன்னா அவங்க அத வச்சிக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

பாய் பத்து நாளில் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். போகும்போது சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மாதத்திலிருந்து பெங்களூரிலிருந்து ஒரு இளைஞர் காரில் வந்து மயக்க மருந்து கொடுக்க ஆரம்பித்தார். பிறகு அவர் புதிய மருந்தும் கொண்டுவந்தார். ஈரலுக்குக் கெடுதல் இல்லை, வாந்தி குறைவு. ஈதர் பாட்டில்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோம். டாக்டரம்மாவை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கிருஷ்ணகிரியில் வாரத்துக்கு ஒரு கேஸ், இரண்டு கேஸ் பார்த்துக்கொண்டு அதே பின்கட்டில் இருந்தார். வழியில் பார்த்தால் நின்று, "இப்ப என்ன மருந்து குடுக்கறாங்க? எப்படி முழிக்கறாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எனக்குத்தான் வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும்.

தொண்ணூறுகள் பிறந்தபின் ஒருநாள் முற்பகல் முனியப்பன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. வேனில் மகள் லட்சுமி கிடந்தாள். பதினேழு வயது. குடல்வால் வெடித்து நாலு நாள் ஆகியிருந்தது. வயிறு பலகைபோல் விறைத்துவிட்டது, பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. உடனே திறந்தாக வேண்டும். அன்று பார்த்து கர்நாடக எல்லையில் ஏதோ மறியல். அத்திப்பள்ளியில் எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். பெங்களூர் டாக்டரால் வர முடியாது என்று போன் வந்தது.

முனியப்பன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "அன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்தாங்களே, அந்தம்மா எங்கீங்க?" என்றான்.

நான் சர்ஜனைப் பார்த்தேன். அவர், "ஆட்டோல போய்க் கூட்டிட்டு வாங்க சிஸ்டர்" என்றார்.

டாக்டரம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். யார் பெண் என்று சொன்னேன். ஈரக் கையோடு அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். உள்ளே இரண்டு ஈதர் பாட்டில்கள்.

லட்சுமியைப் பரிசோதித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். முனியப்பன் சுவரோரம் குந்தியிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்துகொள்ளாமல், "உக்காருங்கம்மா" என்றான். "என்னா மருந்து குடுக்கப் போறீங்க? சொல்லுங்க. இந்த வாட்டி மொதல்லயே சொல்லுங்க."

டாக்டரம்மா பெஞ்சில் உட்காரவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். சர்ஜன் பிளட் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார், வயிற்றைக் குழாய் போட்டுக் காலி செய்துகொண்டிருந்தோம், அரைமணி நேரம் இருந்தது. நான் உள்ளும் புறமும் நடந்தபடி துண்டு துண்டாகக் கேட்டேன். பிரஷர் குறைந்திருப்பதால் முதுகில் ஊசி போட முடியாது, தூக்க ஊசியும் ஆபத்து. புது மருந்து பெங்களூர் டாக்டரின் பையில்தான் இருக்கும். ஹாலோத்தேன் பிரஷரை இன்னும் இறக்கும். அம்மாவுக்கு நடந்தது மகளுக்கும் நடக்குமா என்று தெரியாது, அதனால் அதைத் தொட மாட்டேன். ஈதர் இவளைத் தாங்கும். ஆனால் திமிறுவாள், மூச்சு அடைக்கும், நாளைக்கு வாந்தி எடுப்பாள்.

"அவ அம்மா பயந்தாளே, அதானுங்க இது?"

"அதேதான்."

"அது அவளக் காப்பாத்தியிருக்குமா?"

"இருக்கலாம். அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது."

முனியப்பன் தலையாட்டினான். திரும்பவும் முதலிலிருந்து கேட்டான். எது எதற்கு நல்லது, எது யாருக்கு ஆகாது, புது மருந்து என்கிறார்களே அது எப்படி. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கை அசைத்துச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆள் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நான் உள்ள வந்து பாப்பா கையப் புடிச்சிக்கட்டுமா?" என்றான் கடைசியில்.

அது வழக்கமில்லை. டாக்டரம்மா என்னிடம் திரும்பி, "அவருக்கு ஒரு கவுன் குடுங்க சிஸ்டர்" என்றார்.

லட்சுமி திமிறத்தான் செய்தாள். அப்பா ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, மாட்டிடம் பேசுகிற அதே கன்னடத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தான். அவள் பிடி தளர்ந்ததும் நான் அவனை வெளியே கூட்டி வந்தேன். ஒன்றரை மணி நேர ஆபரேஷன். பிரஷர் ஒருதரம்கூட இறங்கவில்லை. மறுநாள் முழுக்க வாந்தி. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாள். கண் வெள்ளையாகவே இருந்தது. டாக்டரம்மா தினமும் வந்து இமையை விலக்கிப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் அவர்கள் ஊருக்குப் போனார்கள். முனியப்பன் சர்ஜனைக் கும்பிட்டான். டாக்டரம்மாவைக் கும்பிடவில்லை. "வரேங்கம்மா" என்றான். அவரும் "சரி" என்றார்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். மறுநாளிலிருந்து பெங்களூர் டாக்டர் வந்துவிடுவார். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

"அவரு உங்கள மன்னிச்சிட்டாரு மேடம்" என்றேன்.

"அதப் பத்தி நாங்க பேசவே இல்லையே" என்றார் டாக்டரம்மா. "ஈதரப் பத்தித்தான் பேசினோம்." பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார், நேரம் பார்க்கிறவர்போல இல்லாமல். "அரைமணி நேரம் பேசினோம் சிஸ்டர்."